தோளில் இருந்த கை

போன வருஷம் ஆவணி மாதம், மண்ணச்சநல்லூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. என் மாமனார் காலமானார். விடியும் முன்பே, தூக்கத்திலேயே போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும், "புண்ணியவான், யாருக்கும் ஒரு தொந்தரவு கொடுக்கல" என்றார்கள். போனபோதுதான் தொந்தரவு கொடுக்கவில்லை. இருந்தவரைக்கும் எல்லாருக்கும் தாராளமாகவே கொடுத்தார். அதையும் சேர்த்துத்தான் எங்களுக்கு அவரைப் பிடிக்கும்.

நான் இந்த வீட்டுக்கு மூத்த மருமகள். பிறந்தது உறையூர். எனக்கு அழுகை சீக்கிரத்தில் வராது. கல்மனசுக்காரி என்று பிறந்த வீட்டிலேயே பெயர் வாங்கியவள். அதில் ஒரு சங்கடம் என்னவென்றால், சாவு வீட்டில் அழாமல் நிற்கிறவள் தலையில்தான் எல்லா வேலையும் வந்து விழும். ஐஸ் பெட்டிக்குச் சொன்னது நான். பந்தலுக்கும் நாற்காலிக்கும் சொன்னது நான். கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க மாமாவின் போட்டோ வேண்டும் என்று பேச்சு வந்தபோதும் எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

அங்கேதான் சிக்கல். மாமா தனியாக ஒரு போட்டோகூட எடுத்துக்கொண்டதில்லை. "ஒத்தையா எடுக்கிற போட்டோ மாலை போடத்தான் ஆகும்" என்பது அவர் கட்சி. யாராவது செல்போனை நீட்டினால் பக்கத்தில் இருப்பவரை இழுத்து நிறுத்திக்கொள்வார். ஆள் கிடைக்காமல் பசு மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம்கூட ஒன்று இருக்கிறது. ஆதார் அட்டையில் மட்டும்தான் தனியாக இருந்தார். அந்தப் படத்தைப் பேனரில் போட்டால் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருக்கும்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது அரிசி ஆலை. மாமாவும் அவர் அண்ணனும் இளவயதில் சேர்ந்து ஆரம்பித்தது. அண்ணன் ஊர் ஊராகப் போய் நெல் பிடிப்பார், தம்பி அரிசியை விற்பார். பின்னால் பாகம் பிரித்துக்கொண்டபோதுகூட சண்டை சச்சரவு இல்லை. அண்ணன் நிலத்தை எடுத்துக்கொண்டு, ஸ்ரீரங்கத்தில் மகள் வீட்டோடு போய் இருந்துவிட்டார். ஆலை மாமாவிடம் வந்தது. கூடவே குடும்பத்தைக் கட்டி மேய்க்கிற வேலையும் வந்தது. அதை அவர் சந்தோஷமாகவே எடுத்துக்கொண்டார்.

யாருக்கு எந்த டாக்டர், எந்தப் பிள்ளைக்கு எந்த ஸ்கூல், யார் எந்த பஸ்ஸில் போக வேண்டும், எல்லாம் அவர்தான் சொல்லுவார். சமயபுரத்துக்குச் செவ்வாய், ஞாயிறுகளில் எங்களை விடவே மாட்டார். "அந்தக் கூட்டத்துல நம்ம சொல்றது ஆத்தாவுக்குக் கேக்காது, புதன்கிழமை போங்க" என்பார். காலையில் எழுந்ததும் வெளியூரில் இருக்கிற பிள்ளைகள், பேரன் பேத்திகள் ஒவ்வொருவருக்கும் போன் போடுவார். "எந்திரிச்சாச்சா?" என்று கேட்பார். ஆச்சு என்றால் வைத்துவிடுவார். அவ்வளவுதான் பேச்சு. பெங்களூரில் இருக்கிற என் கொழுந்தனார் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு அப்போதுதான் படுத்திருப்பார். அவரும் "ஆச்சுப்பா" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போவார்.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் இந்த வீட்டுச் சோறு எனக்கு இறங்கவில்லை. குண்டு குண்டான புழுங்கல் அரிசி. புதுப்பெண் யாரிடம் போய்ச் சொல்வது? கொஞ்சமாகப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவேன். மாமாவுக்கு ஒரு பழக்கம். எல்லாரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தால், கடைசி ஆள் முடிக்கிற வரைக்கும் அவர் கை கழுவ மாட்டார். காய்ந்த கையோடு உட்கார்ந்து ஒவ்வொருவர் தட்டையும் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் ஆலையிலிருந்து சின்னச் சின்னப் பைகளில் விதவிதமாக அரிசி வந்து இறங்கியது. தினம் ஒன்றாக வடிக்கச் சொன்னார். சன்னமான ஒரு பச்சரிசியை வடித்த அன்றைக்கு நான் இரண்டாம் தடவை சோறு கேட்டேன். உடனே அத்தையிடம், "இதுதான். இனிமே அந்தப் புள்ளைக்கு இதையே வடி" என்றார். அத்தை, "ஒருத்திக்குன்னு தனி உலையா?" என்று இழுத்தார்கள். "அரிசி மில்லுக்கு வாக்கப்பட்ட பொண்ணு அரை வயித்தோட எந்திரிச்சா, அப்புறம் மில்லு என்னத்துக்கு?" என்றார். இவ்வளவும் நடந்தது என் எதிரில்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்படி எல்லாரையும் கட்டி இழுத்தவர் ஒரே ஒருவரோடு மட்டும் பேச்சை விட்டார். அது அவருடைய சொந்த அண்ணன், எங்கள் வீட்டில் பெரியவர் என்று சொல்கிறவர். காரணம் ஒரு கல்யாணப் பத்திரிகை.

மாப்பிள்ளை தேடுவதைவிடப் பத்திரிகையில் பேர் வரிசை போடுவதுதான் கஷ்டம் என்பது பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தவர்களுக்குத் தெரியும். என் நாத்தனார் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தபோது, பெரியவர் பேர்தான் எல்லாருக்கும் மேலே என்று மாமா தெளிவாக எழுதிக் கொடுத்திருந்தார். அச்சகத்தில் பிள்ளையார் படத்தைப் பெரிதாக்குகிறேன் என்று வரிகளை நகர்த்தியிருக்கிறார்கள். அதில் பெரியவர் பேர் கீழே இறங்கி, ஒன்றுவிட்ட மாமன் மச்சான்களுக்கெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. பாதி ஊருக்குக் கொடுத்து முடித்த பிறகுதான் யாரோ பார்த்துச் சொன்னார்கள்.

மாமா அன்றைக்கே ஸ்ரீரங்கம் போய், "அச்சுல தப்பாயிடுச்சுண்ணே" என்று சொல்லியிருக்கிறார். "அந்தத் தப்பு ஏன்டா உன் பேருல வரல?" என்று பெரியவர் கேட்டிருக்கிறார். கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. அடுத்து அவர் வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து வந்தது. அந்தப் பத்திரிகையில் மாமா பேரே இல்லை. உறவுக்காரர் ஒருவர் வேலை மெனக்கெட்டுக் கொண்டுவந்து காட்டினார். மாமா முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேப்பர் நல்ல பேப்பரா போட்டிருக்காங்க" என்றார். அதோடு இரண்டு வீட்டுக்கும் நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து நின்றது.

அதன் பிறகு ஒருவரைப் பற்றி ஒருவர் தப்பாகவும் பேசியதில்லை. பேச்சே எடுப்பதில்லை. டவுனுக்குப் போக டோல்கேட் தாண்டி ஸ்ரீரங்கம் வழியாகத்தான் பஸ் போகும். அந்த இடம் வரும்போது மாமா தலையைக் குனிந்துகொண்டு சட்டைப் பையில் எதையோ தேடுவார். ஸ்டாப் தாண்டிய பிறகு தேடுவதை நிறுத்திவிடுவார். அவரோடு போகும்போதெல்லாம் நான் இதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, போட்டோவுக்கு வருகிறேன். பழைய ஆல்பங்களை எல்லாம் புரட்டியதில், மாமா வாய் விட்டுச் சிரிக்கிற படம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. முக்கொம்பு பார்க்கில் எடுத்தது. இரண்டு குடும்பமும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போன நாள். அதில் பெரியவர் மாமாவின் தோளில் கை போட்டுக்கொண்டு ஏதோ சொல்லியிருக்கிறார். மாமா கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறார் என்று சொல்ல முடியாது, பாதிக் கண் திறந்துதான் இருந்தது. பேனருக்கு அது போதும்.

என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். "இதுதான் நல்லாருக்கு. பெரியப்பாவ எடுத்துட்டு அப்பாவ மட்டும் வைக்கச் சொல்லு" என்றார். என் வீட்டுக்காரர் சுபாவத்தை இங்கே சொல்ல வேண்டும். அவருக்குப் பொய் வராது. நல்ல குணம் என்று சொல்லவில்லை, வராது, அவ்வளவுதான். இந்த மூட்டை பழசாகிவிட்டது, பூச்சி இருக்கும் என்று வாங்க வந்தவரிடமே சொல்லி அனுப்பிவிடுகிற வியாபாரி. அதே மாதிரி, மனதில் ஒன்று விழுந்துவிட்டால் அதையும் மறைக்கத் தெரியாது. தங்கை கல்யாணத்தில் பெரியப்பா வராமல் போனதால், மணமேடையில் மாமா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது அவர் மனதில் அப்படியே நின்றுவிட்டது.

பேனரில் கீழே போட வேண்டிய பேர்களை அவர்தான் சொன்னார், நான் போனில் அடித்தேன். "பெரிய மாமா பேரு?" என்று கேட்டேன். "அவங்க அடிச்ச பத்திரிகையில அப்பா பேரு இருந்துச்சா?" என்றார். அந்தப் பேரை அடிக்காமலே கடைக்கு அனுப்பிவிட்டேன்.

உள்ளே அழுதுகொண்டிருந்த அத்தைக்கு இது எப்படித்தான் காதில் விழுந்ததோ. "பெரியவருக்குச் சொல்லி அனுப்பினியாடா?" என்று மகனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"நல்லதுக்குத்தாம்மா சொல்லி அனுப்பணும். கெட்டதுக்குச் சொல்லாமலே வரணும். வரட்டும், பாப்போம்" என்றார் இவர். பழமொழி சரிதான். அதைச் சொன்ன விதம்தான் சரியில்லை.

பேனர் கடையில் டிசைன் போடுகிற பெண் போனில் கூப்பிட்டாள். "மேடம், பக்கத்துல நிக்கிறவர எடுத்துட்டேன். தோள்ல இருக்கிற கை மட்டும் ஒட்டிக்கிட்டே இருக்கு. அதையும் எடுத்தா சட்டை பிஞ்ச மாதிரி தெரியும். ரொம்பச் சின்னதாத்தான் இருக்கு, விட்டுடவா?" நான் பதில் சொல்வதற்குள் ஐஸ் பெட்டிக்காரர் வாசலில் வந்து நின்றார். படத்தை அனுப்பச் சொல்லி, வந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டு ஓடினேன். குரூப்பில் இருக்கிற அத்தனை பேரும் பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு கும்பிட்ட கையைப் போட்டார்களே தவிர, தோளில் இருந்த கையை ஒருவரும் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் "ஓகே" என்று அனுப்பியிருந்தார்.

போனில் கடுகு மாதிரி இருந்தது பேனரில் எப்படி ஆகும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தெருமுனையில் கட்டி நிமிர்த்தியபோது, மாமாவின் வலது தோளில் ஒரு கை. ஆள் இல்லை, கை மட்டும். ஒவ்வொரு விரலும் முருங்கைக்காய் நீளம். அதிலும் ஆள்காட்டி விரலின் நுனி ஒரு பக்கமாக வளைந்திருந்தது. அந்த விரலை மண்ணச்சநல்லூரில் அறியாதவர்கள் கிடையாது. ஆலை தொடங்கிய காலத்தில் பெல்ட்டில் மாட்டி வளைந்த பெரியவரின் விரல் அது. நெல் பிடிக்கப் போன இடத்திலெல்லாம் அந்த விரலை நீட்டித்தான் விலை பேசுவார்.

அவ்வளவுதான். வருகிறவர்கள் தெருமுனையில் பேனரைப் பார்த்துவிட்டு, உள்ளே வந்ததும் முதல் கேள்வியாக, "அண்ணன் எங்க, உள்ள இருக்காரா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். "ரெண்டு பேரும் ராசியாயிட்டாங்க போலருக்கு, நல்லதாப் போச்சு. கடைசி காலத்துல அதுதாங்க வேணும்" என்று ஒரு பெரிய மனிதர் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். இவருக்கு முகம் சிவந்துவிட்டது. பொய் வராதவர், என்ன சொல்வார்? நேராக வெளியே போய், கடைக்குப் போன் போட்டுக் கத்தினார். உடனே வேறு அடித்துத் தரச் சொன்னார்.

பேனரோடு சட்டம் போட்ட ஒரு படமும் வந்திருந்தது. அதைத் தலைமாட்டில் வைத்திருந்தோம். அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று அழுகையை நிறுத்திவிட்டு, "அது பெரியவரு கை" என்றார்கள்.

"தெரியும்மா. மாத்தச் சொல்லியிருக்கேன்" என்றார் மகன்.

"மாத்த வேணாம். இருக்கட்டும்."

சாவு வீட்டில் கட்டியதை அவிழ்க்கக் கூடாது என்று கூட இருந்த பெண்களும் சொன்னார்கள். பேனர் தப்பித்தது. சட்டம் போட்ட படத்தில் மட்டும் இவர் ரோஜா மாலையை இழுத்துவிட்டு அந்தக் கையை மறைத்தார்.

வாய்க்கரிசி போடுகிற நேரம் வந்தது. எந்த அரிசியை எடுப்பது என்று யாரோ கேட்டார்கள். அரிசி மூட்டையே சுவராக அடுக்கியிருக்கிற வீட்டில் அது ஒரு கேள்வியாகிவிட்டது. நான் உள்ளே போய் என் டப்பாவிலிருந்த சன்னப் பச்சரிசியை எடுத்துக்கொண்டு வந்தேன். வரும்போதே அழுதுவிட்டேன். அரிசியை யாரிடம் கொடுத்தேன் என்றுகூட நினைவில்லை.

சாயங்காலம் எடுத்துக்கொண்டு போனார்கள். பெரியவர் வரவில்லை.

அதன் பிறகான நாட்களில் அத்தைக்கு ஒரே கவலைதான் இருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்குள் பெரியவர் வந்துவிட வேண்டும். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். "கேதத்துக்கும் வரல. காரியத்துக்கும் வரலன்னா, அப்புறம் எதுக்கு வரப்போறாரு? ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருந்தது உங்க மாமா ஒருத்தர்தான். அவரு காரியம் முடிஞ்சா உறவும் முடிஞ்சு போயிடும். அதுக்கப்புறம் உங்க புள்ளைங்களுக்கு அந்த வீடு எதுன்னே தெரியாது."

"நீங்களே ஒரு போன் போட்டுக் கூப்பிடுங்களேன் அத்தை" என்றேன். என்னை விசித்திரமாகப் பார்த்தார்கள். புருஷனின் அண்ணனோடு நேருக்கு நேர் நின்று பேசக் கூடாது என்பது அவர்கள் பழக்கம். இத்தனை வருஷ வாழ்க்கையில் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லையாம். அவர் வந்தால் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, வேறு யாரிடமோ சொல்கிற மாதிரி அவருக்குக் கேட்கச் சொல்வார்களாம். அப்படிப்பட்டவர் போனை எடுத்து என்ன பேசுவார்?

மகனிடம் சொல்லிப் பார்த்தார்கள். "அப்பா மொகத்தக் கூடப் பாக்க வராதவர நான் போய்க் கூப்பிடணுமா?" என்று கேட்டார்.

ஒருநாள் ஸ்ரீரங்கத்திலிருந்து துக்கம் கேட்க ஓர் உறவுக்காரம்மா வந்தார். பேச்சுவாக்கில், பெரியவர் தினமும் கோயிலுக்குப் போகிற மனிதர், இந்தச் சாவு விழுந்த நாளிலிருந்து கோயில் பக்கமே போகவில்லை, வெளியில்கூட வருவதில்லை என்றார். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் தீட்டு. பேச்சை விடலாம், பேரை எடுக்கலாம், தீட்டு போகாது. பெரியவர் அங்கே தனியாகத் தம்பிக்குத் தீட்டுக் காத்துக்கொண்டிருந்தார்.

"அப்படின்னா ஆத்துக்கு வருவாரு" என்றார்கள் அத்தை என்னிடம். "தீட்டுக் கழிக்கணும்ல. அவருக்கும் அதே ஆறுதானே. நீ அங்க பாத்தின்னா சாப்பிட வரச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."

காரியத்தன்று காலையில் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனோம். தண்ணீர் பாதிப் படிகள் வரைக்கும் ஏறி ஓடிக்கொண்டிருந்தது. எங்களைப் போல் நிறையக் குடும்பங்கள். ஆளாளுக்கு ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு பிண்டம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் மொட்டை போட்டுக்கொண்டு ஐயருக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். நான் கூட்டத்தில் தேடினேன். கரை ஓரமாக, மற்றவர்களிடமிருந்து விலகி, தண்ணீரை ஒட்டிய படியில் ஒருவர் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். அவரும் அப்போதுதான் மொட்டை போட்டிருந்தார். முதுகைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அச்சு அசல் மாமாவின் முதுகு.

பக்கத்தில் போய், "பெரிய மாமா" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். "யாரு, மூத்தவன் சம்சாரமா?"

"ஆமாங்க. அத்தை உங்களைச் சாப்பிட வரச் சொன்னாங்க. அவங்க சொன்னதாச் சொல்லச் சொன்னாங்க."

தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் படம் முக்கொம்புல எடுத்ததுதானம்மா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"அவன் போன அன்னிக்கு நான் வந்தேன். யாரும் சொல்லி அனுப்பல. செத்தது என் தம்பி, எனக்கு யாரு சொல்லணும்? ஆட்டோ புடிச்சுக்கிட்டு வந்துட்டேன். தெருமுக்குல பேனர் கட்டியிருந்துச்சு. பேரு போட்டிருந்தத மேலேருந்து கீழ வரைக்கும் படிச்சேன். என் பேரு இல்ல. அப்படியே வண்டியத் திருப்பச் சொல்லிட்டேன். பேரைத்தான் பாத்தேன். படத்தப் பாக்கலம்மா."



"ரெண்டு மூணு நாள் கழிச்சு என் பேத்தி போன்ல காட்டுது. 'தாத்தா, இது உங்க கைதானே'ங்குது. பெருசு பண்ணிக் காட்டுது." வலது கையைத் தூக்கி, வளைந்த விரலை அவரே புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "பேரு இல்லன்னு கோவிச்சுக்கிட்டு வந்துட்டேன். மொகத்தப் பாக்காம விட்டுட்டேன். பாவி நான்."

அவர் அழவில்லை. எங்கள் வீட்டு ஆண்களுக்கு என்னைப் போலத்தான், சீக்கிரம் வராது. வேட்டி முனையைப் பிழிந்துகொண்டே இருந்தார். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லும்மா. தம்பிதான் சொல்லிட்டுப் போனானா? அண்ணன் கைய எடுக்காதீங்கன்னு, அவன் சொன்னானா?"

சட்டை பிய்ந்த மாதிரித் தெரியும் என்று டிசைன் போட்ட பெண் விட்ட கை அது. வேறு ஒன்றுமே இல்லை. அதைச் சொன்னால் பெரியவர் எழுந்து தன் வீட்டுக்குப் போய்விடுவார் என்று தெரிந்தது. ஆமாம் என்று சொன்னால், இந்த வயதில் ஒருவரை ஏமாற்றுவதாகும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்வதற்கு எனக்கும் தைரியம் வரவில்லை. வாயைத் திறந்தேன், என்ன வரப்போகிறது என்று எனக்கே தெரியாது.

"ஆமாம் பெரியப்பா. அப்பாதான் சொன்னாரு."

பின்னாலிருந்து வந்தது குரல். என் வீட்டுக்காரர் மேல்படியில் நின்றுகொண்டிருந்தார். என்னைத் தேடிக்கொண்டு எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. மொட்டைத் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "எடுக்க வேணாம்னு அப்பாதான் சொன்னாரு" என்று இன்னொரு தடவை சொன்னார். பிறகு, "ஐயரு பங்காளிங்கள எள்ளும் தண்ணியும் இறைக்கக் கூப்பிடறாரு. வாங்க பெரியப்பா" என்றார்.

தங்கை கல்யாணத்துக்குப் பிறகு பெரியப்பாவிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

பெரியவர் எழுந்தார். படி முழுக்கப் பாசி, வழுக்கியது. விழுந்துவிடாமல் இருக்க, அந்தக் கையை என் வீட்டுக்காரர் தோளில் வைத்துக்கொண்டார். அப்படியே இரண்டு பேரும் ஐயர் இருந்த இடத்துக்குப் போனார்கள். நான் பின்னாலேயே போனேன்.

பகலில் வீட்டுக்கு வந்தபோது அத்தை வாசலைப் பார்த்துவிட்டுச் சட்டென்று எழுந்து அடுக்களைக் கதவுக்குப் பின்னால் போய்விட்டார்கள். துக்கத்திலும் அந்தப் பழக்கம் மாறவில்லை. உள்ளேயிருந்து என்னிடம் சொல்கிற மாதிரி, கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்கள்.

"மொத இலைய பெரியவருக்குப் போடச் சொல்லு."

பத்திரிகையில் கீழே இறங்கிய பேர் அன்றைக்குத்தான் மேலே ஏறியது. பெரியவர் தலையைக் குனிந்துகொண்டு முதல் இலையில் உட்கார்ந்தார். கொஞ்சமாகத்தான் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்கவில்லை. காய்ந்த கையோடு உட்கார்ந்து, வரிசையில் கடைசி ஆள் முடிக்கிற வரைக்கும் ஒவ்வொரு இலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அது மாமாவின் பழக்கம் என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அண்ணனைப் பார்த்துத் தம்பி கற்றுக்கொண்டது போலிருக்கிறது.

ஒரு வருஷம் ஓடிவிட்டது. இப்போது போக்குவரத்து இருக்கிறது. பெரியவர் வந்தால் அத்தை கதவுக்குப் பின்னாலிருந்து காபி கொடுக்கச் சொல்கிறார்கள். மாமா இல்லாத குறை மட்டும் அப்படியே இருக்கிறது. காலையில் யாரும் போன் போட்டு எழுந்தாச்சா என்று கேட்பதில்லை. எல்லாரும் தாமதமாகத்தான் எழுகிறோம்.

ரொம்ப நாள் கழித்து என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "வாயில பொய்யே வராத மனுசன், அன்னிக்கு எப்படிச் சொன்னீங்க?"

"பொய் என்ன சொன்னேன்?" என்றார்.

"அப்பா சொன்னாருன்னு சொன்னீங்களே."

"ஒத்தையா என்னைப் படம் எடுக்காதீங்கன்னு அப்பா சொன்னதே இல்லையா?" என்று கேட்டுவிட்டு ஆலைக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

சட்டம் போட்ட அந்தப் படம் இப்போதும் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் மாலை மாற்றுவது நான்தான். எனக்குப் பெரிதாகப் பக்தி ஒன்றும் கிடையாது, ஆனால் அந்தக் கை மறையாமல் மாலையைக் கொஞ்சம் ஒதுக்கிவிடுகிறேன். கடைசிவரை ஒத்தையாக நிற்க மாட்டேன் என்று அடம்பிடித்த மனிதருக்கு நான் செய்ய முடிந்த மரியாதை அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.